'எத்தனை டிகிரி தாங்கும்?' – அது ஒரு கேள்வியே இல்லீங்க

டிஸ்கி: இது சினிமா விமர்சனம் இல்லை, கவிதை இல்லை, அரசியல் இல்லவே இல்லை. கோயமுத்தூர்ல லேத் பட்டறையில பிளாஸ்டிக் கடைஞ்சு பொழப்பு நடத்துற ஒருத்தனோட சண்டைப் பதிவு. பிளாஸ்டிக்குன்னா பக்கெட்டு, குடம்னு மட்டும் நினைக்கிறவங்களும் தாராளமா படிக்கலாம். முடிஞ்சவரைக்கும் புரியற மாதிரிதான் எழுதியிருக்கேன். :-)

"ஏனுங்ணா, இந்த பிளாஸ்டிக் எத்தனை டிகிரி தாங்கும்?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நேரடியா பதில் சொல்றதை நான் நிறுத்திட்டேன் மக்களே. கேக்கறவங்க கெட்டவங்க இல்லை. டிராயிங் போடற இன்ஜினியர் கேக்கறார். பர்ச்சேஸ்ல உக்காந்திருக்கற தம்பி கேக்கறார். ராடு விக்க வர்ற ஏஜெண்ட்டோ யாரும் கேக்காமலேயே சொல்றார். எல்லார் கையிலயும் ஒரு முக்கோணப் படம் இருக்கு. அடியில பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன். நடுவுல நைலான், டெல்ரின். அதுக்கு மேல பிபிஎஸ், பீக். உச்சியில பாலிஇமைடு. மேல போகப்போக டிகிரியும் ஏறும், விலையும் ஏறும். படத்தைப் பாத்து, டிகிரியைப் பாத்து, பாக்கெட்டைத் தடவிப் பாத்து ஒண்ணை எடுத்தா வேலை முடிஞ்சுது. அப்படித்தான் பலரும் நினைக்கறாங்க.

நான் சொல்றது இதுதான். அந்த முக்கோணம் ஒரு சல்லடை. வேண்டாததைக் கழிக்கறதுக்கு உதவும். வேண்டியதை எடுக்கறதுக்கு உதவாது. அதை வச்சு மெட்டீரியல் முடிவு பண்றது, ஜாதகத்துல ஒரே ஒரு கட்டத்தைப் பாத்துட்டு கல்யாணத் தேதி குறிக்கற மாதிரி.

மொதல்ல அந்த நம்பர் எங்கிருந்து வருதுன்னு பாப்போம். கேட்டலாக்ல 'தொடர் பயன்பாட்டு வெப்பநிலை'ன்னு ஒரு வரி இருக்கும். பீக்குக்கு 250, 260னு போட்டிருப்பாங்க. பலரும் இதுக்கு எடுத்துக்கற அர்த்தம்: '260 டிகிரியில இது அப்படியே கல்லு மாதிரி நிக்கும்'. கிடையவே கிடையாதுங்க. ராடு செய்யற கம்பெனிகளோட கேட்டலாக்ல அதுக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு குறிப்பு இருக்கும், அதைப் படிங்க. பொதுவா அதோட சாரம் இதுதான்: அந்தச் சூட்டுல 20,000 மணி நேரம் வச்சிருந்தா, இழுவிசை வலு பழைய அளவுல பாதியா குறையும். இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, 20,000 மணி நேரம்ங்கறது இடைவிடாம ஓட்டினா ரெண்டேகால் வருஷம் சொச்சம். அதுக்கப்புறம் மிச்சம் இருக்கறது பாதி. ரெண்டாவதுதான் முக்கியம். அந்த 'பாதி'யை அளக்கறது சூட்டுல இல்லை. பீஸை ஆறவிட்டு, 23 டிகிரியில வச்சு அளக்கறாங்க!

அதாவது அந்த நம்பர் சொல்றது, சூட்டுல கிடந்து கிடந்து பொருள் எவ்வளவு சீக்கிரம் கிழடு தட்டும்ங்கறது. சூட்டுல நிக்கும்போது எவ்வளவு பளு தூக்கும்ங்கறதைப் பத்தி அது வாயே திறக்கலை. காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்ச ஆளை, காய்ச்சல் விட்டப்புறம் மூட்டை தூக்கச் சொல்லிப் பாக்கறது ஒரு சோதனை. காய்ச்சலோட மூட்டை தூக்கச் சொல்றது வேற சோதனை. மெஷினுக்குள்ள நடக்கறது ரெண்டாவது.

"சரி, உருகுநிலையைப் பாத்துக்கறேன்"னு அடுத்த கோஷ்டி வரும். நைலான் 66 உருகறது 260 டிகிரியில. அப்ப 200ல போடலாமா? போட்டுப் பாருங்க! வெண்ணெய் உருகறதுக்கு முன்னாடியே இளகிடுது இல்லீங்களா, அதேதான் கதை. பிளாஸ்டிக்குக்கு உருகுநிலைக்கு ரொம்பக் கீழேயே ஒரு இளகு புள்ளி உண்டு. பாடப்புத்தகத்துல கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைன்னு போட்டிருக்கும். பீக் உருகறது சுமார் 343ல, ஆனா இளகு புள்ளி 143. அதைத் தாண்டினா பொருள் ஓடிப்போகாது, விறைப்பு மட்டும் சரசரன்னு விழும். 250 டிகிரியில பீக் உயிரோட இருக்கும், சந்தேகமே இல்லை. அறைச் சூட்டுல இருந்த விறைப்புல பெரும்பகுதி அப்ப கையில இருக்காது.

இதுக்குன்னே ஒரு சோதனை இருக்கு. ஒரு பட்டையை ரெண்டு பக்கமும் தாங்கி, நடுவுல 1.8 மெகாபாஸ்கல் அழுத்தம் வர்ற மாதிரி எடை வச்சு, எண்ணெய்த் தொட்டியில நிமிஷத்துக்கு 2 டிகிரி வீதம் சூடேத்துவாங்க. குறிப்பிட்ட அளவு வளைஞ்சதும் சூட்டைக் குறிச்சுக்குவாங்க. இதுல சாதா நைலான் 66 சுமார் 75 டிகிரியிலயே தலைவணங்கிடும். சாதா பீக் 150, 160 பக்கம். இதே நைலான்ல 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்தா 250க்கு எகிறும், பீக் 300ஐத் தாண்டும். மண்சுவத்துக்கு வைக்கோல் கலக்கற சமாச்சாரம்தான். இப்ப சொல்லுங்க, 'நைலான் எத்தனை டிகிரி தாங்கும்'னு கேட்டா நான் 75ன்னு சொல்றதா, 250ன்னு சொல்றதா? எந்த நைலான், எவ்வளவு பளுவுல, எவ்வளவு நேரம்னு தெரியாம எதைச் சொன்னாலும் அது பொய்தான்.

*

அடுத்து நம்ம ஊரு சர்வரோக நிவாரணி, டெஃப்ளான். இதுக்கும் கேட்டலாக்ல 260 டிகிரிதான். 1938ல தற்செயலா கண்டுபிடிச்ச டெஃப்ளானும் 1978ல ஐசிஐ கம்பெனிக்காரங்க செஞ்ச பீக்கும் அந்த ஒரு வரியில அண்ணன் தம்பி மாதிரி பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கும். நேர்ல பாத்தா ஒண்ணு இரும்பு மரம், இன்னொண்ணு வாழைத்தண்டு. டெஃப்ளானை போல்ட்டு போட்டு இறுக்குங்க. சூடே வேண்டாம், அறைச் சூட்டுலயே மெதுவா நகர ஆரம்பிச்சுடும். இன்னிக்கு இறுக்கின போல்ட்டு நாளைக்கு லூசா இருக்கும். கண்ணாடி இழை, கார்பன், வெண்கலத் தூள் கலந்தா இது குறையும், ஒரேயடியா போகாது. ஆசிட்டுக்கு அசையாதது, வழவழப்பு, மின்சாரம் கடத்தாதது, எல்லாம் உண்மை. அதுக்காக பளு விழற இடத்துல 'எதுக்கும் இருக்கட்டும்'னு டெஃப்ளான் போடறது, வழுக்குப் பாறை மேல தூண் நிறுத்தற வேலை.

டெஃப்ளான்ல இன்னொரு கூத்து இருக்கு. 19 டிகிரி பக்கத்துல அதோட உள்கட்டமைப்பு மாறும், கன அளவு ஒரு சதவீதத்துக்கு மேலயே கூடும் குறையும். உலகம் பூரா அளவெடுக்கறதுக்கு ஒத்துக்கிட்ட வெப்பநிலை 20 டிகிரி. பட்டறையில மத்தியானம் 33ல கடையறோம். வாங்கறவரோட ஏசி ரூம்ல, சரியா அந்த மாற்றம் நடக்கற இடத்துல வச்சு, மைக்ரோமீட்டர் போட்டு 'அளவு குறைவு, ரிஜெக்ட்'னு எழுதறாங்க. பீஸ் ஓடப்போறதோ 150 டிகிரியில! யாரு பண்ணின குத்தம்ங்க இது?

*

இப்ப நம்ம பக்கத்து உதாரணம் ஒண்ணு. பாலியஸ்டர் துணிக்குச் சாயம் ஏத்தற மெஷின். 130 டிகிரி, உள்ளே தண்ணி, அது கொதிச்சு ஆவியாகாம இருக்க அழுத்தம். அதுக்குள்ள ஒரு புஷ்ஷோ வால்வு சீட்டோ போடணும். முக்கோணப் படத்தை எடுத்து '130தானே'ன்னு பாத்தா, உச்சியில இருக்கற பாலிஇமைடு சும்மா ஊதித் தள்ளிடும் போல தெரியும். 300 டிகிரி ஆளாச்சே! டார்லான்னு விக்கற பாலிஅமைடு இமைடும் 250க்கு மேல தாங்கற ஆளு.

உண்மை என்னன்னா, இந்த ரெண்டு ராஜாக்களுக்கும் சுடுதண்ணியும் நீராவியும்தான் எமன். நூறு டிகிரிக்கு மேல தண்ணியோட நீண்ட நாள் குடும்பம் நடத்தச் சொன்னா மூலக்கூறுச் சங்கிலியை தண்ணியே அறுத்துடும். நைலானுக்கும் அதே கதி, கூடவே எடையில 8, 9 சதவீதம் வரைக்கும் தண்ணியைக் குடிச்சு ஊதி அளவும் போயிடும். அதே இடத்துல முக்கோணத்துல இவங்களுக்குக் கீழ உக்காந்திருக்கற பிபிஎஸ், தண்ணியை ஏறக்குறைய குடிக்கவே குடிக்காது. பீக் தாங்கும். பிபிஎஸ்யூங்கறது ஆஸ்பத்திரித் தட்டுகளை 134 டிகிரி நீராவியில திரும்பத் திரும்ப வேகவைக்கறதுக்குப் பேர்போனது. உரசல் இல்லாத பாகம்னா அதுவும் தாங்கும்.

அதாவது 300 டிகிரி தோத்து, 200 டிகிரி ஜெயிக்குது. இதை எந்த முக்கோணத்துல வரைவீங்க?

இது சும்மா பட்டறை விவாதம் இல்லைங்க. 130 டிகிரி தண்ணி உள்ளே இருக்கற அழுத்தம் வெளிக்காத்தோட அழுத்தத்தைப் போல சுமார் 2.7 மடங்கு. சீட்டு விட்டுப்போச்சுன்னா வர்றது சொட்டுத் தண்ணி இல்லை, வெளிய வந்த நொடியே ஒரு பகுதி ஆவியா சீறும். அந்த மெஷின் பக்கத்துல நிக்கறது டிராயிங் போட்டவரும் இல்லை, ஆர்டர் போட்டவரும் இல்லை. வெறுங்காலோட நிக்கற ஒரு பையன். எனக்குக் கோவம் வர்றது இந்த இடத்துலதான்.

*

"இவ்வளவு தலைவலி எதுக்கு? எல்லாத்துக்கும் பீக் போட்டுட்டா போச்சு." இது இன்னொரு கட்சி. பெரிய கட்சி. இவங்க வாதத்துல நியாயம் இல்லாம இல்லை. மெஷின் ஒரு நாள் நின்னா ஆகற நஷ்டத்துக்கு முன்னாடி ராடு விலை தூசுதான். நானும் அதை மறுக்கலை. பீக் சரியான பதிலா இருக்கற இடத்துல விலையைப் பாத்துப் பின்வாங்காதீங்க, சண்டை போட்டாவது வாங்குங்க.

ஆனா இன்சூரன்ஸுன்னு நினைச்சுப் போட்டா, அந்த பாலிசி எதுக்கு செல்லாதுன்னும் தெரிஞ்சுக்கணும். அடர் கந்தக அமிலத்துல பீக் அறைச் சூட்டுலயே கரையும். ஆமாங்க, கரையும். 143க்கு மேல பளு இருந்தா இழை கலந்த பீக் வேணும், சாதா பீக் வளையும். 'பீக்'னு மட்டும் டிராயிங்ல இருந்தா எந்த பீக்குன்னு யாருக்குத் தெரியும்? மறுபக்கம், காய்ஞ்ச இடத்துல, 100, 110 டிகிரியில சும்மா நடுவுல உக்காந்து மின்சாரமும் சூடும் கடத்தாம இருக்க ஒரு வாஷர் வேணும்னா, நம்ம ஊர்ல தாத்தா காலத்துல இருந்து ஹைலம் ஷீட்டு இருக்கு. அது உருகவே உருகாது. அதுக்கும் பீக் கேக்கறவங்களைப் பாக்கறேன். நைலானை விடப் பல மடங்கு விலை குடுத்து, எண்பது சதவீதத்தைச் சுருள் சுருளா கடைஞ்சு சாக்குல கட்டறோம். பேருக்குத்தான் அந்தக் காசு, வேலைக்கு இல்லை.

*

மெட்டீரியல் சரியா பிடிச்சாச்சுன்னே வச்சுக்குவோம். அப்பவும் அந்த ஒத்தை நம்பர் விடாது. கன்மெட்டல் புஷ்ஷோட பழைய டிராயிங்கை எடுத்து, பேரை மட்டும் அடிச்சு 'பீக்'னு எழுதி, அதே 0.02 டாலரன்ஸோட அனுப்பறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. 30 டிகிரியில 100 மில்லிமீட்டருக்குக் கடைஞ்ச பீக் வளையம் 130க்குப் போனா சுமார் அரை மில்லிமீட்டர் பெருசாகும். அதைச் சுத்தி இருக்கற இரும்பு பெருசாகறது 0.12 மில்லிமீட்டர்தான். நைலான்னா 0.8 பக்கம் வரும். வெளிய போக வழியில்லாத புஷ் உள்பக்கமா நெருங்கும், ஷாஃப்டைக் கவ்விக்கும். இதுல, பீக் சூட்டைக் கடத்தறது இரும்புல ஏறக்குறைய இருநூத்துல ஒரு பங்கு. உரசல்ல வர்ற சூடு போக இடமில்லாம அங்கேயே தங்கும். மெஷின்ல மீட்டர் காட்டற 130, புஷ்ஷோட உள்முகத்துல 130ஆ இருக்காது. இதைக் கேட்டலாக் சொல்லாது.

அப்புறம் அவன்ல வச்சு எடுக்கற விஷயம். ராடு வார்க்கும்போதே உள்ளுக்குள்ள இறுக்கம் இருக்கும். கடையும்போது இன்னும் கொஞ்சம் சேரும். முதல் தடவை நல்ல சூடு பட்டதும் அந்த இறுக்கம் அவுந்து பீஸ் கோணும். அதனால கொஞ்சம் கூட வச்சுக் கடைஞ்சு, மணிக்கு ஏதோ பத்து டிகிரின்னு பைய ஏத்தி, பைய இறக்கி, அப்புறம்தான் கடைசி அளவு எடுக்கணும். ஒரு வாடிக்கையாளர் என் கொட்டேஷன்ல இருந்த அந்த வரியை அடிச்சுட்டார். "சும்மா சூடு பண்ணி ஆறவைக்கறதுக்கு எதுக்குங்க காசு?" நான் சண்டை போடலை. வேண்டாம்னு எழுத்துல குடுங்கன்னு மட்டும் கேட்டேன், குடுத்தாங்க. மூணாவது வாரம் பீக் வளையம் அத்தனையும் முட்டை வடிவத்துல திரும்பி வந்துது. எழுத்து கையில இருந்ததால டெபிட் நோட் வரலை. எழுத்து இல்லாத பட்டறைக்காரன் என்ன பண்ணுவான்? ராடு காசு, கூலி, கரண்டு பில்லு, எல்லாம் அவன் தலையில. கேள்வியைத் தப்பா கேட்டது ஒருத்தர், தண்டம் கட்டறது இன்னொருத்தர். இதுதான் நம்ம தொழில்ல எழுதப்படாத சட்டம்.

லேத்துல நிக்கற பசங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. '260 தாங்கும், பயமில்லை'ன்னு சொல்ற அதே டெஃப்ளானோட தூள் விரல்ல ஒட்டியிருக்க, அந்தக் கையோட பீடியை எடுத்துப் பத்த வச்சா, நெருப்பு முனையில அது 260ஐ எங்கேயோ தாண்டிடும். சிதைஞ்சு வர்ற புகையை இழுத்தா சில மணி நேரத்துல குளிர் காய்ச்சல் மாதிரி நடுக்கி எடுக்கும். டெல்ரினைச் சூடேற விட்டுக் கடைஞ்சா கண்ணைக் கரிக்கறது ஃபார்மால்டிஹைடு. மழுங்கின டூலை மாத்தாம ஓட்டற எல்லா முதலாளிகளுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

*

சரி, குறை சொல்லிட்டே இருந்தா எப்படி, என்னதான் கேக்கணும்ங்கறே? சொல்றேன். டிராயிங்ல 'வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக், 200 டிகிரி'ன்னு எழுதறதை விட்டுட்டு இந்த ஆறையும் எழுதுங்க:

1. சூடு எவ்வளவு, எவ்வளவு நேரம்? நாள் பூராவா, பத்து நிமிஷம் உச்சத்துக்குப் போய் இறங்குமா?

2. அந்தச் சூட்டுல எவ்வளவு பளு? விட்டு விட்டா, விடாமலா?

3. சுத்தி என்ன இருக்கு? காய்ஞ்ச காத்தா, எண்ணெயா, சுடுதண்ணியா, ஆசிட்டா, காரமா?

4. எதோட உரசுது, என்ன வேகத்துல?

5. அளவு எந்தச் சூட்டுல சரியா இருக்கணும்? நீங்க எந்தச் சூட்டுல வச்சு அளப்பீங்க?

6. இது போச்சுன்னா என்ன ஆகும்? மெஷின் நிக்குமா, ஆள் மேல படுமா?

இதுல அஞ்சுக்குப் பதில் வந்தாலே மெட்டீரியல் தானா ரெண்டு, மூணுல வந்து நிக்கும். அதுக்கப்புறம் விலையைப் பாருங்க, தாராளமா பேரம் பேசுங்க. ஆறாவது கேள்விக்குப் பதில் 'ஆள் மேல படும்'னா மட்டும் பேரம் வேண்டாம்.

முக்கோணப் படத்தை கிழிச்சுப் போடச் சொல்லலை. சுவத்துல மாட்டிக்கோங்க, அழகாத்தான் இருக்கும். அதைக் காட்டி ஆர்டர் மட்டும் போடாதீங்க. ஏஜெண்ட் வந்து '260 தாங்கும் சார்'னு சொன்னா, "எதோட? எவ்வளவு நாள்? என்ன தூக்கிட்டு?"ன்னு மூணு கேள்வி கேளுங்க. நல்ல ஏஜெண்ட்டா இருந்தா சந்தோஷமா உக்காந்து பேசுவார். இல்லேன்னா டீ குடிச்சுட்டுக் கிளம்பிடுவார். ரெண்டுமே நமக்கு லாபம்தான்.

பி.கு: "பீக்கை இப்படிச் சொல்லலாமா"ன்னு அடிக்க வர்றவங்க பின்னூட்டத்துல வரிசையா வரலாம். வரும்போது எத்தனை டிகிரின்னு மட்டும் எழுதிட்டு வராதீங்க, மிச்ச அஞ்சையும் கையோட கொண்டு வாங்க. :-)